செபஸ்தியாம்பிள்ளையின் முகத்துக்குள் ஒரு வட்டை

செபஸ்தியாம்பிள்ளையின் தாடையில் நெல் முளைத்திருந்தது.

"எங்கட அப்பாக்குத் தாடி இல்லையேகா" என்றாள் சர்மிளா, வாசலைப் பார்த்து மாட்டியிருந்த பெரிய திரையைக் காட்டி.

கணினிக்கு முன்னால் இருந்த மேர்லின் அவசரமாக மவுஸைப் பிடித்தாள். செங்கலடியில் இந்த ஸ்டூடியோவில் சேர்ந்து இரண்டு கிழமை. அதற்குள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். "மூணாவது ஆளும் போனா, நீயும் அவங்களோடயே போயிரு புள்ள" என்று முதலாளி மஜீட் காலையில்தான் சொல்லியிருந்தார்.

மூன்றாவதாக வந்தவர்கள் இந்த அண்ணனும் தங்கையும். தகப்பனுக்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை வேண்டும். அவர் முகத்துக்குள்ளே அவருடைய வட்டை, அந்த வயல், விளைந்த நெல்லோடு தெரிய வேண்டும். லண்டனில் இப்போது அப்படித்தானாம்.

"திகதி என்ன போடுற அண்ணா?" என்று கேட்டாள் மேர்லின்.

"அத வெறுமையா விடுங்க தங்கச்சி. எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிளைட். மிச்சத்த இவ பாப்பா" என்றான் அன்ரோ.

மேர்லின் வயலை மேலே நகர்த்தினாள். நெற்கதிர் மூக்குக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. வயலை மங்கலாக்கினாள்.

"வட்டை எங்க?" என்றான் அன்ரோ.

"வட்டைய விடு. அப்பா காலமெல்லாம் ஆத்துலதானே கிடந்தவர். தோணியப் போடுங்ககா" என்றாள் சர்மிளா.

"ஓ, உனக்குத்தான் அப்பாவத் தெரியும்."

"தெரியும்தானே. நீ போய்ப் பன்ரெண்டு வருஷம்."

"தெரிஞ்ச நீதானே, இனி அவரப் பாக்க ஏலாதெண்டு போன்ல அழுதநீ."

சண்டை முற்றுமுன் மேர்லின் ஆற்றையும் தோணியையும் இறக்கினாள். துடுப்பு நேரே கண்ணில் குத்தியது. கண்ணைக் காப்பாற்ற முகத்தை மங்கலாக்கினாள். வட்டையும் வேண்டும் என்று அன்ரோ அடம்பிடித்தான். முகத்தை இன்னும் மங்கலாக்கினாள். முடிவில் நெல் இருந்தது, ஆறு இருந்தது, தோணி இருந்தது. செபஸ்தியாம்பிள்ளையில் மிஞ்சியது மூக்குக்கண்ணாடி மட்டும்.

தன் வேலை போயிற்று என்றே மேர்லின் நினைத்தாள்.

"இப்பதான் அப்பா மாதிரி இரிக்கு" என்றான் அன்ரோ.

"ஓம், அப்பாவேதான்" என்றாள் சர்மிளா.

வந்ததிலிருந்து இருவரும் ஒத்துப்போனது இதில்தான். மேர்லின் மூச்சுவிட்டு, அச்சுக்குக் கொடுக்க விரலை வைத்தாள்.

வாசல் கண்ணாடிக் கதவைத் தள்ளி, அவர்களைக் கொண்டுவந்த ஓட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"தங்கச்சி, ஓட்டோக்குள்ள இரிக்கிற ஐயா பாத்துட்டுச் சொல்லிவிட்டவர், வட்டையும் வேணாமாம், தோணியும் வேணாமாம், தன்ட முகத்த மட்டும் விடட்டாம்."