எல்ராயின் இடது தோள்

ஏப்ரல் வரைக்கும் இடது கையைத் தூக்குவதில்லை என்று எல்ராய் ஸாஸ்ட்ரோ சபதம் எடுத்திருந்தார்.

அக்டோபரில் மருந்துக்கடையில் காய்ச்சல் தடுப்பூசி போட்ட பெண், ஊசியைக் கொஞ்சம் மேலே, தோள்மூட்டிலேயே இறக்கிவிட்டாள். உயிர் போகிற வலி, அதில் பொய்யில்லை. இதற்கென்றே அரசாங்கம் நஷ்டஈடு வைத்திருக்கிறது, ஆனால் வலி ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்றார் அவருக்காக வழக்கை எடுத்த வக்கீலம்மா. எல்ராய் அன்றே அந்தப் பணத்தில் வாங்கப்போகும் மீன்பிடிப் படகுக்கு நிறம்கூடப் பார்த்துவிட்டார். பாழாய்ப்போன தோள், கிறிஸ்துமஸுக்குள் குணமாகித் தொலைத்தது.

குணமானதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. கழுத்தில் கட்டிய துணியில் கை தொங்கியபடியே இருந்தது. வாசலில் குவிந்த விஸ்கான்சின் பனி முழுவதையும் மனைவி பெர்னடீன் தனியாக வாரிக் கொட்டினாள். வந்ததும் ஈர மண்வெட்டியை அவர் நாற்காலிக்கு மேலே, உயரத்து ஆணியில் எக்கி மாட்டுவாள். எல்ராய் முனகுவார். முனகுவதில் நல்ல தேர்ச்சி வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வறுத்த மீன் சாப்பிடப் போன இடத்தில், நண்பர்கள் முன்னால் பெர்னடீன் அவர் தட்டு மீனைக் குழந்தைக்கு நறுக்குவதுபோல் நறுக்கிக் கொடுத்தாள். மானம் கப்பலேறியது. ஏறட்டும், பின்னாலேயே படகு வருகிறதே என்று பொறுத்துக்கொண்டார்.

"ஃபிரிட்ஜ் மேல வச்ச பிஸ்கட் டின் காலியா இருக்கு" என்றாள் ஒருநாள்.

"எலியா இருக்கும்."

"தின்னுட்டு ரெண்டு கையால மூடி போட்டு வச்சிருக்கு. நல்ல எலி."

எல்ராய் அவசரமாக ஒருமுறை முனகினார். அவளோ பேச்சை மாற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை டிவியில நம்ம பேக்கர்ஸ் ஃபுட்பால் ஆட்டம் பாக்க வக்கீலம்மாவக் கூப்பிட்டிருக்கேன். நீ படற பாட்ட அவங்களும் நேர்ல பாக்கட்டும்."

இப்படி ஒரு மனைவியா என்று நெகிழ்ந்துபோனார்.

ஞாயிறு. கடைசி நிமிடம். பேக்கர்ஸ் தோற்றுக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவன் எறிந்த பந்து, எல்லைக்கோட்டைத் தாண்டி மூலையில் இன்னொருவன் கையில் போய் விழுந்தது. டச்டவுன்! ஆறு புள்ளி! அதற்கு இரண்டு கையும் தானாக மேலே போகும்; அந்த ஊர்க்காரர்களுக்கு அது பிறவிக்குணம். வக்கீலம்மாவின் கைகள் போயின. பெர்னடீனுடையவை போயின. எல்ராயின் இடது கையும் துணியை உதறிவிட்டு, விறைப்பாகக் கூரையைப் பார்த்து நின்றது.

வக்கீலம்மா அதையே பார்த்தார். பிறகு தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். படகு எல்ராயின் கண்ணெதிரே மூழ்கியது.

"இறக்கிடாத எல்ராய்" என்றாள் பெர்னடீன். "கை அவ்வளவு உசரம் போனதே போச்சு, அப்படியே அந்த மண்வெட்டிய எடுத்துக்கோ. அவங்க கார் பனியிலேருந்து வெளிய போகணும்ல."