இறங்குறேன் ஐயா

கொல்லிமலையில் அந்தக் காலத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள் இரண்டே வகை: வேலையை விட்டுவிட்டு ஓடியவர்கள், ஓடாமல் இருந்தவர்கள். இரண்டிலும் சேராத ஒரே பிறவி ‘இறங்குறேன் ஐயா’தான். வேலையை விடலாமா வேண்டாமா என்று யோசிப்பதையே அவர் முழுநேர உத்தியோகமாகப் பார்த்தார். அதற்கு லீவுகூட எடுத்ததில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அவர் சர்க்கார் அம்மை குத்துகிறவர். மருந்தும் ஊசியும் வைத்த தகரப் பெட்டியோடு மலை ஊர்களுக்கு நடந்தே போய், பெரியம்மை வராமலிருக்க ஜனங்களின் கையில் குத்த வேண்டும். அவருக்குக் கீழே அதே வேலைக்கு என்னை நியமித்திருந்தார்கள். சேந்தமங்கலத்திலிருந்து நாக்குத் தள்ள மலையேறி அவர் கொட்டகைக்குள் நுழைந்ததும், “உக்காருங்க. நான் நாளைக்கு எறங்குறேன்” என்றார்.

நான் உட்காராமல் வாசலுக்கே திரும்பிவிட்டேன். வெளியே கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிராமலே சொன்னாள்: “பயப்படாதீங்க சாமி. நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து எறங்கிக்கிட்டுத்தான் இருக்கறாரு.”

அவருக்கு ஒரே குறை. “போற ஊர்லயெல்லாம் என்னைக் கண்டா ஓடறாங்க. புலியைக்கூட ஒரு நிமிசம் நின்னு பார்த்துட்டுத்தான் ஓடுவாங்க” என்பார். வாலிபத்தில் அவருக்குப் பாட்டுப் பைத்தியம். எப்போது வந்தாலும் வேஷம் உண்டு என்று ஒரு நாடகக் கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் பென்ஷனுக்கு இன்னும் சில வருஷம் பாக்கி. காலையில் நாடகம் ஜெயிக்கும், சாயங்காலம் பென்ஷன் ஜெயிக்கும்.

தன்னால் முடிவு செய்ய முடியாமல் ஒருநாள் சாமியிடம் பூக்கேட்கப் போனார். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் இருக்கலாம். வெள்ளை வந்தது.

“சாமிக்குப் பென்ஷன் சமாசாரம் தெரியாதுங்க. இன்னொரு தடவை கேளுங்க” என்றார் பூசாரியிடம்.

மறுபடி கேட்டதில் சிவப்பு வந்தது. “சொன்ன சொல்லை மாத்துற சாமியை எப்படிங்க நம்பறது?” என்று எழுந்து வந்துவிட்டார்.

ஊரார் இரண்டு தடவை கோழியடித்து, சாமைச் சோறு ஆக்கி, அவருக்கு வழியனுப்பு விருந்து வைத்தார்கள். இரண்டு தடவையும் ஏப்பம் விட்டதோடு சரி. மூன்றாம் தடவை அவர் வாயைத் திறந்ததும் ஊர்க்கவுண்டர் கையெடுத்துக் கும்பிட்டார். “மொதல்ல எறங்குங்க. சோத்தை நாங்க கீழயே கொண்டாந்து போடறோம்.”

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒருநாள் நாங்கள் மலையின் இன்னொரு பகுதியான வளப்பூர் நாட்டுக்குப் போனோம். வழக்கம்போல எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. அலுத்துப்போய் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்தவர், சும்மா இருக்க முடியாமல் உச்ச ஸ்தாயியில் நாடகத்தில் ராஜா வேஷக்காரர் பாடும் ஒரு ராஜபாட்டுப் பாட்டை எடுத்துவிட்டார். ஒரு கதவு திறந்தது. “ஏனுங்க, யாருக்கு என்ன ஆச்சுங்க?” என்று ஒரு அம்மாள் ஓடிவந்தாள். பின்னாலேயே ஊரே வந்தது. வந்தவர்கள் நின்று கேட்டார்கள்.

ஒரு அடி பாடியதும் நிறுத்தினார். “அடுத்த அடி வேணும்னா அடுத்த கை வேணுமுங்க.”

ஒவ்வொரு கையாக நீண்டது. பாட்டு முடிந்தபோது மருந்தும் முடிந்திருந்தது. கூட்டம் கை தட்டிற்று.

அதுவரை மலையில் எவராலும் செய்ய முடியாத காரியம். ஆனால் கொட்டகைக்குத் திரும்பி வந்ததும் மனிதர் சொன்னார்: “கையை நீட்டுனது எனக்கு ஞாபகமில்லீங்க. கையைத் தட்டுனதுதான் ஞாபகமிருக்குது.”

மறுநாள் மெய்யாகவே ராஜினாமா செய்துவிட்டார். யாரும் நம்பவில்லை. அதனால் வழியனுப்பவும் யாரும் வரவில்லை. சரிவு தொடங்கும் இடம்வரை நான் மட்டும் போனேன்.

“பென்ஷன்?” என்றேன்.

“பென்ஷன் வாங்குற வயசுல இந்தத் தொண்டை இருக்குமுங்களா?” என்று கேட்டுவிட்டு இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மேலே வந்திருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன்.

சில மாதம் கழித்து அந்த நாடகக் கம்பெனி சேந்தமங்கலத்தில் கொட்டகை போட்டது. அவருக்கு ராஜா வேஷம். கவுண்டர் தலைமையில் மலையே இறங்கிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தது. படுதா தூக்கியதும் பளபளவென்று கத்தியை ஓங்கியபடி ராஜா பிரவேசித்தார். அந்த முகத்தையும் கையிலிருந்த கூர்முனையையும் கண்டதுதான் தாமதம், எங்கள் பெண்கள் பழக்கதோஷத்தில் பிள்ளைகளை வாரிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினார்கள்.

ராஜாவுக்கு வசனம் மறந்துபோயிற்று. “ஓடாதீங்க, இது கத்திங்க, ஊசியில்லீங்க” என்று சிம்மாசனத்தருகிலிருந்து கெஞ்சினார். கொட்டகை குலுங்கிற்று. அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கைதட்டல் கதாநாயகிக்குக்கூடக் கிடைக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் உள்ளே போய்ப் பார்த்தோம். கவுண்டர் ஒரு தார் மலை வாழைப்பழத்தை அவர் முன்னால் வைத்து, என்னைக் காட்டிச் சொன்னார்: “இவரும் நோவாமத்தான் குத்தறாருங்க. ஆனாலும் பொம்பளைங்க, பழைய ஐயா எப்ப மலையேறுவாருன்னு கேட்டுக்கிட்டே இருக்கறாங்க.”

அவர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “மீசையைப் பிச்சதுல பசை கண்ணுல பட்டுருச்சுங்க” என்று கண்ணைத் துடைத்தார்.

மீசை அவர் முகத்திலேயே இருந்தது. “அந்தப் பசை அப்படித்தாங்க” என்றேன்.