அறுபத்தேழு கார்கள் உள்ள தெரு

"ரெண்டு காரா? எங்கீங்க இருக்குது ரெண்டு காரு? கெணத்துக்குள்ளயா நிறுத்தி வெச்சிருக்கறீங்க?"

ஆத்தாயியின் குரல் பொன்மலர் நகரின் கடைசி வீடுவரை கேட்டது. கடைசி வீடு ஒன்றும் தூரமில்லை. சூரமங்கலத்துக்கு மேற்கே, சோளக்காட்டைப் பிளாட் போட்ட இடத்தில் மொத்தமே நாற்பது வீடுகள்.

"மொள்ளப் பேசு புள்ள. அந்த அம்மிணி இன்னும் தெருவுலதான் நிக்குது," என்றார் அவள் கணவர் தங்கசாமி.

அம்மிணியின் பெயர் சரிதா. கையில் படிவத்தோடு வந்தவள் தெளிவாகத்தான் சொன்னாள். "ஊடு எங்க, வேலை எங்க, எதுல போறீங்கன்னு கணக்கெடுக்கறோமுங்க. அதப் பார்த்துத்தான் பஸ் விடுவாங்க. இனி பஸ் போற பக்கந்தான் புது ஊடு கட்டவும் அனுமதி. வண்டிப் புகை குறையோணுமில்லீங்களா?"

தங்கசாமி நம்பவில்லை. வீட்டில் எத்தனை பேர், பையனுக்கு எங்கே வேலை, எத்தனை வண்டி என்றெல்லாம் பெண் வீட்டாரைத் தவிர யார் கேட்பார்கள்? மகன் சிவக்குமாருக்கு முப்பத்து நாலு வயது. பதினொரு ஜாதகம் திரும்பி வந்தாயிற்று. இப்போதெல்லாம் பெண் வீட்டார் ஆள் விட்டல்லவா விசாரிக்கிறார்கள்! அதனால், "ரெண்டு காரு, மூணு பைக்குங்க. எங்க ஊட்டுல பஸ் ஏறுனவங்களே கெடையாது" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

உண்மையில் அந்த வீட்டில் இருந்தது ஒரு மொபெட். அதுவும் இறக்கத்தில் மட்டும் ஓடும். சிவக்குமார் தினமும் இரண்டு கிலோமீட்டர் நடந்து, மெயின் ரோட்டில் டவுன் பஸ் பிடித்து, அஸ்தம்பட்டி ஸ்கேன் சென்டருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"பக்கத்து ஊட்டுல கேட்டாங்கன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள் ஆத்தாயி.

நியாயமான கேள்வி. தங்கசாமி புறக்கடை வழியாகப் புகுந்து புகுந்து, சரிதாவுக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தார். எல்லோரும் சம்மதித்தார்கள். ஆனால் அவர் வீட்டில் இரண்டு கார் என்று சொன்ன வாயால் தன் வீட்டில் சைக்கிள் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எதிர்வீட்டுக் கந்தன் மூன்று கார் என்றார். அவருக்கு லைசென்ஸே கிடையாது. தனியாக இருக்கும் ஜானகியம்மாள், நாலு என்றார்.

அடுத்த வாரம் கணக்கைச் சரிபார்க்கச் சரிதா மறுபடி வருகிறாள் என்று காதில் விழுந்ததும், தங்கசாமி மச்சானின் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். இரண்டாவது காருக்கு, செங்கல் அடுக்கின் மேல் கார் உறையைப் போர்த்தினார். உறையின் மேல் ஒரு கோழி ஏறி உட்கார்ந்துகொண்டது.

"நாப்பது ஊட்டுக்கு அறுபத்தேழு காரு வருதுங்களே," என்றாள் சரிதா, கோழியைப் பார்த்தபடி. "நெசமாத்தானுங்களா?"

"பொய் சொல்லி எங்களுக்கு என்னங்க ஆகப்போகுது?"

அந்த நேரம் பார்த்து, முழங்கால் வரை புழுதியோடு சிவக்குமார் நடந்து வந்தான். சரிதா அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்க. வேலைக்கு எதுல போறீங்க?"

"காருலதாங்க," என்றார் தங்கசாமி.

"அவரத்தான் கேட்டேனுங்க."

பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது. சிவக்குமார் அப்பாவைப் பார்த்தான், கோழியைப் பார்த்தான், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தான்.

"அப்பா சொல்றதுதானுங்க."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். "சொல்றதத்தான் எழுதோணும். அதுதான் விதி," என்று எழுதி, மறுபடி கையெழுத்து வாங்கிக்கொண்டாள். ஆத்தாயி கொடுத்த காபியைத் தொடவில்லை.

"பொண்ணூட்டுக்குத் திருப்தி," என்றார் தங்கசாமி.

ஆறு மாதத்தில் திட்டம் வந்தது. உண்மையைச் சொன்ன பக்கத்து ஊர் வேப்பங்காட்டுக்கு அரைமணிக்கு ஒரு பஸ். பொன்மலர் நகருக்கு, 'சொந்த வாகனம் மிகுந்த பகுதி, பேருந்து தேவையில்லை' என்று ஒரே வரி. தங்கசாமி அலுவலகத்துக்கு ஓடினார்.

"சாமி, அத்தனையும் பொய்யுங்க!"

"பொய்க்கு ரெண்டு தடவ கையெழுத்துப் போட்டிருக்கறீங்களே," என்றார் அதிகாரி. "அடுத்த கணக்கு அஞ்சு வருசம் கழிச்சுங்க."

அஞ்சு வருசம் யாரால் நடக்க முடியும்? ஒவ்வொரு வீடாகக் கார் வாங்க ஆரம்பித்தது. கந்தன் லைசென்ஸே எடுத்துவிட்டார். படிவத்தில் மட்டும் இருந்த புகை, இப்போது காலை எட்டரைக்குத் தெருவிலேயே நிற்கிறது. தங்கசாமி வீட்டில் மட்டும் அதே மொபெட்.

சிவக்குமார் அஸ்தம்பட்டியில் அறை எடுத்துப் போய்விட்டான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஊருக்கும் அதிகம் வருவதில்லை. சரிதா, வேப்பங்காட்டு மோகன்குமாரைக் கட்டிக்கொண்டாள். வாசலில் இறங்கினால் பஸ்.

போன மாதம் மகனைப் பார்க்க, தங்கசாமி மெயின் ரோடு வரை நடந்து டவுன் பஸ் ஏறினார். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி கண்டக்டர் இளஞ்செழியனிடம், "எம் பையன் சிவக்குமாரு தினமும் இதுலதான் போனானுங்க. எப்படித்தான் நின்னுட்டே போனானோ," என்றார்.

"அவரு எங்கீங்க நின்னாரு? மூணு வருசமா தனக்குப் பின்னாடி சீட்டுல பைய வெச்சு எடம் புடிச்சுக் குடுத்தது சரிதா புள்ளதானுங்களே! 'உங்க தெருக் கணக்க நானே கேட்டு வாங்கிட்டேன், பஸ் வந்துட்டா நம்ம கல்யாணத்துக்கப்புறம் அங்கிருந்தே வேலைக்கு வந்துக்குவேன்'னு அவருகிட்டச் சொல்லிட்டுத்தான் உங்க ஊட்டுக்கே வந்துச்சுங்க."