கட்டிலுக்கு அடியில் அலுமினியம்

ரூபேந்திரன் செய்த செருப்பு ரேக் இடது பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு ஜோடி செருப்பு வைத்ததும் வலது பக்கம் சாய்ந்தது.

"காத்து பாஸ்," என்றான்.

"பேக்டரிக்கு உள்ளயா?" என்றார் முதலாளி சுப்ஹான்.

மலேசியாவின் காஹாங் ஊரில் அலுமினிய ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலை அது. வெட்டி மிஞ்சிய துண்டுகளில் எதையாவது செய்து விற்றால், புது அலுமினியம் வாங்கும் செலவு குறையும் என்பது சுப்ஹானின் கொள்கை. மாதக் கடைசிக்குள் துண்டுத் தொட்டி காலியானால் ரூபேந்திரனுக்கு சூப்பர்வைசர் வேலை நிரந்தரம். காலியாகாவிட்டால் அவன் காலி.

சாய்வை நிமிர்த்த ரேக்கின் கால்களை வெட்டினான். ரேக் குள்ளமானது, தொட்டி வளர்ந்தது. வெட்டிய காலில் சோப்புப் பெட்டி செய்தான். அதிலும் துண்டு விழுந்தது. சாவி வளையம் வரை இறங்கிப் பார்த்தான். தொட்டி வழிந்தது.

பிறகுதான் மூளை வேலை செய்தது. தினமும் ஒரு பை துண்டை வீட்டுக்குக் கடத்தி, கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினான். குனிந்து பார்க்கத் தொப்பை விடவில்லை.

"திரும்பிப் படுத்தா கட்டில் கிணுகிணுங்குது. என்னா லா இது?" என்றாள் மனைவி ஷர்மினி.

"கம்பெனி ரகசியம்."

"உங்க ரகசியம் என் கால்ல குத்துது."

"கன்ஃபர்ம் ஆகுற வரைக்கும் பொறுத்துக்க."

பொறுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சில நாளில் கட்டில்கூட அமைதியாகிவிட்டது.

மாதக் கடைசியில் சுப்ஹான் காலித் தொட்டியை எட்டிப் பார்த்தார். முகம் வாடியது.

"ஒண்ணுமே இல்லையாப்பா?"

"எல்லாம் ரேக் ஆயிடுச்சு பாஸ்."

"அதான் சிக்கல். உன் கோணல் ரேக்கை ஜோகூர் பாருல ஒரு காபி கடைக்காரன் பார்த்துட்டு, புது டிசைன்னு நினைச்சிட்டான். இன்னும் நூறு வேணுமாம்."

ரூபேந்திரன் காலித் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"பயப்படாத, உன் வேலை கன்ஃபர்ம். துண்டு நானே வெளிய பிடிச்சிட்டேன், மலிவா. நமக்குன்னே வெட்டின மாதிரி இருக்கு."

ரூபேந்திரன் வீட்டுப் பக்கம் சனிக்கிழமைதோறும் வரும் பழைய பேப்பர், இரும்பு வாங்கும் லாரி உள்ளே நுழைந்தது. அதை ஓட்டும் வேலு, பூப்போட்ட போர்வை மூட்டை ஒன்றை இறக்கி, அலுமினியத் துண்டுகளைத் தொட்டியில் கொட்டினான். அது போன தீபாவளிக்கு ஷர்மினி வாங்கிய போர்வை.

தொட்டி நிரம்பியது. சுப்ஹான் திருப்தியாகத் தலையாட்டினார்.

வேலு போர்வையை உதறி மடித்து ரூபேந்திரனிடம் நீட்டினான்.

"அண்ணே, அக்கா நாளைக்கும் துண்டு வாங்க லாரியோட வரச் சொன்னாங்க. இதையெல்லாம் வழக்கம்போல சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டு போயிடுவீங்கல்ல?"