இளைஞர் நாற்காலி

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். மூச்சு விடுகிறேன், அவ்வளவுதான். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட பத்திரிகை ஆபீஸில் சம்பளமில்லாப் பயிற்சியிலேயே இன்னும் இருக்கிறேன். இந்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். அதற்குள் நானே வேலையை விடும்படி ஆகிவிட்டது.

இத்தனை வருஷமும் தண்ணீர் மோட்டார் பற்றிப் பத்திரிகை நடத்திய முதலாளிக்கு, இளைஞர்களுக்கென்று இசையும் ஃபேஷனும் கலந்து ஒரு பத்திரிகை தொடங்கும் ஆசை வந்தது. இவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கூட்டமானாலும் வாசகருக்கென்று ஒரு நாற்காலி போட்டு, ஆபீஸில் யாரையாவது அதில் உட்காரவைத்து, அவர் வாயில் வருவதையெல்லாம் வாசகர் கருத்து என்று எழுதிக்கொள்வார்கள். மோட்டார் பத்திரிகைக்கு வாட்ச்மேன்தான் விவசாயி. இப்போது இளைஞர் நாற்காலி. கட்டடத்திலேயே இளவயதுக்காரி நான் ஒருத்திதான். அந்த நாற்காலியைத் தூக்கிவந்து போட்டவளும் நானே. உட்காரப் போனேன். "நீ எங்கம்மா உட்கார்ற? அப்புறம் டீ யாரு கொண்டுவருவா?" என்றார் ஆசிரியர். ஓய்வு பெறப்போகும் கணக்காளரை உட்காரவைத்தார்கள்.

"இளைஞர் என்ன பாட்டு கேப்பார்?" என்று முதலாளி கேட்டார். "சத்தம் கம்மியா இருக்கணும்" என்றார் கணக்காளர். எழுதிக்கொண்டார்கள். "டிரெஸ்?" "இடுப்புல இறுக்கக் கூடாது சார்." அதற்குக் கைதட்டல். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நாங்க பாட்டுக் கேக்குறதே பஸ்ல நசுங்குறத மறக்கத்தான். இன்டர்வியூவுக்குப் போட நல்ல துணி ஒண்ணுதான் இருக்கு, அதையும் ரூம்ல மூணு பேரு மாத்தி மாத்திப் போடுறோம். அத எழுதலாமே?" என்றேன். "இளைஞர் பேசும்போது குறுக்க பேசாத" என்று ஆசிரியர் அதட்டினார்.

அந்த நாற்காலியில் உட்கார உட்காரக் கணக்காளர் நிஜமாகவே இளைஞராகிவிட்டார், மாமா. முதலில் முட்டியில் கிழிந்த பேன்ட் வந்தது, பிறகு காதில் ஹெட்போன், கூப்பிட்டால் திரும்புவதில்லை, நேரத்துக்கு வரச் சொன்னதற்குக் கதவை அறைந்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு "என்னை யாருக்குமே புரியல" என்று நின்றார், முதலாளி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் படியேறிப்போய், என்னிடம் ஒருநாளும் பேசாத குரலில், "வாப்பா, என்ன வேணும்னாலும் சொல்லு" என்று கெஞ்சினார். மாடலுக்குச் செலவழிக்க மனமில்லாமல் அவரையே கையில் கிதாரோடு அட்டைக்குப் படம் எடுத்தார்கள். "பக்கத்துல வெறிச்சுனு இருக்கே" என்று ஆசிரியர் ஒரு தண்ணீர் மோட்டாரையும் கொண்டுவந்து வைத்தார்.

நேற்று கணக்காளர், "கணக்கு என்னோட கனவே இல்ல" என்று பீரோ சாவியை என் மேஜையில் எறிந்துவிட்டு முழுநேர இளைஞராக அந்த நாற்காலிக்கே போய்விட்டார். இப்போது டீ கொண்டுவருவதும் நான், நாற்காலி தூக்குவதும் நான், கணக்கும் நான். கூலி என்னவென்று கேட்டால் அனுபவமாம். அனுபவத்தை வாடகையாக வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரர் யாராவது இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள். இளமையை அட்டையில் போட்டு விற்பார்களாம், இளசுகளுக்கு உட்கார இடம் கிடையாதாம்! நாளைக் காலை ராஜினாமா. உங்கள் சிபாரிசைக் கெடுத்ததற்கு மன்னியுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். சிபாரிசு இனி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு மாற்றம். ராஜினாமா கொடுக்கவில்லை. சம்பளம் போட ஆளில்லாததால் முதலாளி என்னையே கணக்காளராக நிரந்தரமாக்கிவிட்டார். இன்று பழைய கணக்காளர் தாமதமாக வந்தபோது, "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்ல சார்" என்று என் வாயாலேயே சொன்னேன், முதலாளி தலையாட்டினார். என் பழைய இடத்துக்குச் சம்பளமில்லாப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். "அக்கா, நான் எங்க உட்காரட்டும்?" என்று கேட்டாள்.

"உட்கார்றது அப்புறம். முதல்ல கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடும்மா" என்றேன்.