தெரேசாக்கா கோயில் பார்த்த வெள்ளிக்கிழமை

“தவக்காலத்துல எவம்மா பொண்ணு பாப்பான்?”

“கத்தாதடா! பொண்ணு பாக்கல, கோயில் பாக்கறோம்!”

பார்குவார் சாலை மாதா கோயில் வாசலில் தெரேசாக்கா போட்ட சத்தத்தில், படம் எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஈஸ்டர் வரும்வரை நல்ல காரியம் பேசக்கூடாது. ஆனால் கோலாலம்பூர்ப் பெண் கிளாரிஸ் அதுவரை காத்திருப்பாளா? மகன் டேரனுக்கோ முப்பத்து மூன்று நடக்கிறது. அதனால் இரு வீட்டாரும் யாத்திரை வந்தவர்கள்போல் பினாங்கின் பழைய கோயில்களைப் பார்ப்பது, நடுவில் சாப்பிடுவது, கல்யாணம் என்ற சொல்லை மட்டும் எடுப்பதில்லை என்று போனிலேயே ஏற்பாடு. எந்தக் கோயில், எத்தனை மணி என்று அவர்களுக்குச் செய்தி அனுப்பும் வேலை ஒன்றுதான் டேரனுக்கு.

பத்து மணிக்கு ஒரு பெண்ணும் தாயும் வந்து இறங்கினார்கள்.

“கோயில் பாக்க வந்தீங்களா?” தெரேசாக்கா கண்ணைச் சிமிட்டினாள்.

“கோயில் பாக்கத்தாங்க.” தாய்க்காரியும் சிமிட்டினாள்.

“டேய், போட்டோவுல கண்ணாடி போட்டிருந்தாளே?”

“லென்ஸ் மாட்டியிருப்பாம்மா.”

உள்ளே நுழைந்ததும் தாய்க்காரி, விரல் நனைத்துச் சிலுவை போடவேண்டிய வாசல் தீர்த்தத்தை உள்ளங்கையில் ஏந்தி ஒரு மடக்குக் குடித்தாள். தெரேசாக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோலாலம்பூர் பக்கம் இப்படித்தான் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மதியம் நாசி கண்டார் சோற்றுக் கடை.

“கறிதானே கூடாது? மீன் தலை சொல்லட்டா?”

“ஐயோ, வெள்ளிக்கிழமைங்க! நாங்க மீனும் தொடமாட்டோம்.”

சுங்கை பினாங்கு வட்டாரத்திலேயே தன்னைவிடப் பக்தியானவள் இல்லை என்று திரிந்த தெரேசாக்கா சுருங்கிப்போனாள். தட்டில் விழுந்துவிட்ட மீனை மகன் தட்டுக்குத் தள்ளிவிட்டு, வெண்டைக்காயும் சோறுமாகச் சாப்பிட்டாள். இப்படிப்பட்ட குடும்பத்தை விடலாமா?

செண்டோல் குடித்த ஈரம் உதட்டில் காய்வதற்குள் பினாங்கு சாலைக் கோயிலில் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மாதா முன்னால் நிறுத்தினாள். தவக்காலம் மறந்துபோனது.

“மாதாவே, இந்தப் பிள்ளைதான் என் மருமக. வாக்கு மாறினா என் வாய் கோணிக்கட்டும்!”

போன் அடித்தது.

“அக்கா, கிளாரிஸ் அம்மா பேசறேன். புலாவ் தீக்குஸ் கோயில்ல மூணு மணி நேரமா நிக்கறோம்லா. எங்க இருக்கீங்க?”

தெரேசாக்கா பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப நீ யாரு?”

“ரூபினி, ஆண்ட்டி. செபராங் ஜெயாக்காரங்க. இது எங்கம்மா ருக்குமணி.”

“அந்த வெள்ளிக்கிழமை விரதம்?”

“அம்மனுக்குங்க,” என்றாள் ருக்குமணி.

டேரன் தலையைத் தொங்கப்போட்டான். “இடத்த மாத்தி அனுப்பிட்டேன் போலம்மா. வாங்க, கிளாரிஸையே போய்ப் பாத்துடலாம்.”

“எப்படிடா பாக்கறது? மாதாகிட்ட சொல்லியாச்சேடா!”

கிளாரிஸ் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போய்விட்டாள். டேரனும் ரூபினியும் ஈஸ்டர் கழிந்து மணமுடித்து, செபராங் ஜெயாவில் வீடு பார்த்துவிட்டார்கள். கல்யாண விருந்தில் தெரேசாக்கா மேசை மேசையாகப் போய், முன்பின் தெரியாத பெண்ணை வாக்குக்காக மருமகளாக்கிய பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்ட வந்திருந்த கடைக்காரர் ஜபருல்லா கரண்டியை நிறுத்தினார்.

“தெரியாத பொண்ணாக்கா? மூணு வருஷமா ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் என் கடையிலதானே! ‘மாதாகிட்ட சொல்லிட்டா எங்கம்மா மாறமாட்டாங்க’ன்னு தம்பி ஐடியா போட்டதே என் மேசையிலதான்லா!”