தேடியாச்சு, இல்லைங்க!

‘தேடியாச்சு, இல்லைங்க’ என்றொரு மனித இனம் உண்டு. பிறப்பால் வருவதல்ல, கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி கிடைத்த அன்று வருவது. தேடல் பெட்டியில் ஒரு பெயரைத் தட்டுவார்கள், திரை வெறுமையாக நிற்கும், உடனே அந்தப் பொருள் உலகத்திலேயே கிடையாது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பார்த்திருப்பீர்களே?

திருக்காட்டுப்பள்ளியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் மதிவாணன் இந்த இனத்தின் திலகம். போன மாதம் பாஸ்போர்ட் படத்துக்காக நான் அங்கே காத்திருந்தபோது அருள்மேரி வந்தார். அவருடைய அப்பா ஜோசப்ராஜ் இறந்துபோய், மறுநாள் காலை கோயிலில் நினைவுத் திருப்பலி. வீட்டில் இருந்ததோ ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். அதில் மனிதர் முறைக்கிறார். ஆனால் பேத்தியின் புதுநன்மை விழாவில் அவர் பல் தெரியச் சிரித்ததைப் படம் எடுத்தவர் இதே மதிவாணன்தான்.

“ஜோசப்ராஜ்” என்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. இனி சடங்குகளைக் கவனியுங்கள். அதே பெயரை மறுபடி தட்டி, இம்முறை என்டர் பட்டனை ஓங்கிக் குத்தினார், மவுஸைக் கவிழ்த்து ஊதினார், ஒயரை ஆட்டினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், அது கண் விழிக்கும்வரை நெட்டையும் கரண்ட்டையும் வைதார், பிறகு மீண்டும் அதே பெயர், அதே குத்து. தன் பக்கம் ஏதாவது தப்பு இருக்குமோ என்று பார்ப்பாரா? கௌரவம் என்னாவது?

“இல்லைங்கம்மா. அன்னைக்கு உங்கப்பா வந்திருக்கவே மாட்டாரு.”

“அப்பா பேர்லதாங்க ஆர்டரே கொடுத்தோம்! ‘பெரியவரே, கொஞ்சம் சிரிங்க’ன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அப்ப மழைத்தண்ணியில போயிருக்கும்.”

அருள்மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த மனிதரை வரவில்லை என்றார். அது செல்லாமல் போனதும் தண்ணீரில் விட்டுவிட்டார்!

உள்ளே ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி வானதி எழுந்து வந்தார்.

“நம்ம கல்யாணப் படத்தைத் தேடுங்க.”

தேடினார். அதுவும் இல்லை.

“அப்ப நமக்குக் கல்யாணமே ஆகலையா?”

மதிவாணன் வாழ்க்கையில் முதன்முறையாகத் திரையைச் சந்தேகப்பட்டார்.

“வாய்க்கால்ல தண்ணி வரலைன்னதும் மேட்டூரைத் திட்டாதீங்க, முதல்ல நம்ம மதகைப் பாருங்க. ஐப்பசி மழையில கடைக்குள்ள தண்ணி ஏறுனப்ப படத்தையெல்லாம் புது டிஸ்க்குக்கு மாத்துனீங்களே, தேடுற எடத்துல அதைச் சேத்தீங்களா?”

சேர்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்கூட்டியே போட்டு வைத்த பட்டியலில்தான் தேடும். அந்தப் பட்டியலுக்குத் தெரிந்ததெல்லாம் காலியான பழைய டிஸ்க். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடினானாம் ஒருத்தன். அவனாவது காடெல்லாம் தேடினான். இவர் ஆடே கிடையாது என்று சாதித்தார்.

வானதி புது டிஸ்க்கைச் சேர்த்தார். பட்டியல் புதிதாகி முடிவதற்குள் டீ வந்தது, குடித்தோம். பிறகு திரையில் ஜோசப்ராஜ், அத்தனை பல்லும் தெரிய. அருள்மேரி அழுதுகொண்டே சிரித்தார். மதிவாணன் என்ன சொன்னார் என்கிறீர்கள்?

“நான்தான் சொன்னேன்ல, எங்கயும் போயிருக்காதுன்னு!”

இப்போது நீங்களும் மனசுக்குள் தேட ஆரம்பித்திருப்பீர்கள். பக்கத்து வீடு, ஆபீஸ், மச்சினன் எல்லாம் பார்த்தாயிற்றா? ‘எனக்குத் தெரிஞ்சு அப்படி யாரும் இல்லைங்க’ என்கிறீர்களா? நல்லது. தேடிய இடத்தில் உங்களைச் சேர்த்தீர்களா?